கருந்துளையில் கை வைத்த இயக்குநர்

'கிளாசிகல் அண்ட் குவாண்டம் கிராவிட்டி' என்பது ஈர்ப்பு விசை ஆராய்ச்சியாளர்களைத் தவிர வேறு யாரும் அதிகம் புரட்டாத இதழ். 2015 பிப்ரவரியில் அதில் ஒரு கட்டுரை வந்தது. எழுதியவர்கள் நால்வர். அவர்களில் ஆலிவர் ஜேம்ஸ், யூஜெனி வான் டன்செல்மன், பால் ஃபிராங்க்ளின் ஆகிய மூவரும் அப்போது லண்டனில் சினிமா கிராஃபிக்ஸ் செய்துகொண்டிருந்தவர்கள். நான்காமவர் கிப் தார்ன். ஈர்ப்பலைகளைக் கண்டறிந்ததற்காக இரண்டு ஆண்டு கழித்து நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர். கட்டுரைத் தலைப்பிலேயே ஒரு சினிமாவின் பெயர் இருந்தது: 'இன்டர்ஸ்டெல்லார்'.

விஞ்ஞானி ஒருவரைக் கூப்பிட்டு, ஆலோசகர் என்று டைட்டிலில் பெயர் போடுவது ஹாலிவுட்டில் பழைய பழக்கம். பெரும்பாலும் அது மரியாதைக்குத்தான். தார்ன் அப்படி வந்தவர் அல்லர். படத்தின் முதல் கருவே அவரும் தயாரிப்பாளர் லிண்டா ஆப்ஸ்டும் பேசி உருவாக்கியது. உறுதியாக நிறுவப்பட்ட இயற்பியல் விதி எதையும் படம் மீறக் கூடாது, கற்பனையாகவே இருந்தாலும் அதற்கு அறிவியலில் வேர் இருக்க வேண்டும் என்று இரண்டு நிபந்தனைகளை வைத்திருந்தார். இயக்குநர் கிறிஸ்டோபர் நோலன் ஒப்புக்கொண்டார்.

படத்தில் வரும் கருந்துளைக்கு 'கார்கன்டுவா' என்று பெயர். அதன் நிறை 10 கோடி சூரியன்களுக்குச் சமம். கருந்துளைக்குள் போன ஒளி வெளியே வராது. ஆகவே அதைப் பார்ப்பது என்றால், அதன் ஓரமாகப் போகும் ஒளி எப்படி வளைந்து நம்மிடம் வருகிறது என்று பார்ப்பதுதான். அந்த வளைவுக்கான சமன்பாடுகளைத் தார்ன் எழுதி அனுப்ப, டபுள் நெகட்டிவ் என்ற கிராஃபிக்ஸ் நிறுவனத்தில் ஜேம்ஸ் அவற்றை நிரலாக்கினார். அவர் இயற்பியல் படித்தவர் என்பதால் இருவருக்கும் பேச்சு எளிதாக நடந்தது.

சிக்கல் நட்சத்திரங்களில் வந்தது. இந்தக் கணக்கைப் போட இயற்பியலாளர்களிடம் முன்பே ஒரு வழி இருந்தது. படத்தின் ஒவ்வொரு பிக்சலிலிருந்தும் ஒரு கதிரைப் பின்னோக்கி அனுப்பி, அது வளைந்து நெளிந்து எங்கே போய் முட்டுகிறது என்று பார்ப்பார்கள். ஆய்வுக் கட்டுரையில் அச்சிட ஒரு படம் வேண்டுமென்றால் அது போதும். சினிமாவில் கேமரா நகர்ந்துகொண்டே இருக்கிறது. நட்சத்திரமோ வெறும் புள்ளி. இந்த ஃபிரேமில் கதிர் அதன் மேல் படும், அடுத்த ஃபிரேமில் தப்பிவிடும். ஐமேக்ஸ் திரையில் வானம் முழுக்கத் திருவிழா சீரியல் பல்பு மாதிரி மினுக்கும்.

ஆய்வாளர் ஒருவர் இதைப் பொறுத்துக்கொள்ளலாம். கிராஃபிக்ஸ்காரருக்கு அது பிழைப்புப் பிரச்சினை. அதனால் தனிக் கதிருக்குப் பதில் மெல்லிய கற்றையை அனுப்பினார்கள். போகிற வழியில் அந்தக் கற்றை எங்கே நீள்கிறது, எங்கே நசுங்குகிறது, கடைசியில் வானத்தில் எவ்வளவு இடத்தை அடைக்கிறது என்பதையும் சேர்த்துக் கணக்கிட்டார்கள். மினுக்கல் நின்றது. 2.3 கோடி பிக்சல் கொண்ட ஒரே ஒரு ஐமேக்ஸ் ஃபிரேமை உருவாக்க, பத்து கோர் கொண்ட செயலிக்கு அரை மணியிலிருந்து பல மணி நேரம் வரை பிடித்தது. அப்படிப் பல ஆயிரம் ஃபிரேம்கள்.

படம் முடிந்த பிறகு அதே நிரலை ஆய்வுக்குத் திருப்பினார்கள். வேகமாகச் சுழலும் கருந்துளை, தன்னைச் சுற்றியுள்ள வெளியையும் இழுத்துக்கொண்டு சுழல்கிறது. அதன் பக்கத்தில் கேமராவைக் கொண்டுபோனால், ஒரே நட்சத்திரம் பன்னிரண்டுக்கும் மேற்பட்ட பிம்பங்களாகத் தெரியும் என்றும், அவை கருந்துளை நிழலின் (ஒளி வராத அந்த இருண்ட பகுதியின்) ஒரு விளிம்பில் நெருக்கியடித்து நிற்கும் என்றும் கணக்கு காட்டியது. அந்த 2015 கட்டுரையின் சரக்கு இதுதான். கலையும் அறிவியலும் கைகோத்தன என்று மேடைகளில் அடிக்கடி சொல்கிறார்கள். யார் யாருக்கு என்ன கொடுத்தார்கள் என்று கேட்டால் பேச்சு மாறிவிடும். இங்கே தயங்காமல் சொல்லலாம். காட்சி உறுத்தக் கூடாது என்ற பிடிவாதம் கணக்கைக் கூர்மையாக்கியது.

அதே பிடிவாதம் கணக்கைக் கெடுக்கவும் செய்தது. கருந்துளையைச் சுற்றும் வாயுத்தட்டு அசுர வேகத்தில் ஓடுகிறது. நம்மை நோக்கி வரும் பக்கம் நீலம் பாய்ந்து பளிச்சென்று தெரிய வேண்டும். விலகிப் போகும் பக்கம் சிவந்து மங்க வேண்டும். டாப்ளர் விளைவு. அதைச் சேர்த்துப் பார்த்தபோது தட்டின் ஒரு பக்கம் கிட்டத்தட்ட அணைந்தே போனது. ரசிகர்கள் குழம்புவார்கள் என்று நோலன் அதை வேண்டாம் என்றார். சுழற்சியிலும் கை வைத்தார். ஒரு கோளில் ஒரு மணி நேரம் கழிந்தால் பூமியில் ஏழு ஆண்டு ஓடிவிடும் என்பது கதை. அதற்குக் கருந்துளை தன் உச்ச வேகத்துக்கு நூறு லட்சம் கோடியில் ஒரு பங்கு மட்டுமே குறைவாகச் சுழல வேண்டும் என்று தார்ன் கணக்கிட்டிருந்தார். ஆனால் அந்த வேகத்தில் நிழலின் ஒரு பக்கம் தட்டையாகிவிடும். திரையில் உருண்டையாகத் தெரிய, உச்சத்தில் 60 சதவீதமே போதும் என்று முடிவானது. கதைக்கு ஒரு வேகம், காட்சிக்கு ஒரு வேகம்! எனக்கு இதில் பெரிய கோபம் இல்லை. நோலன் ஒதுக்கிய ஏறுமாறான படத்தையும் நால்வரும் தங்கள் கட்டுரையில் அச்சிட்டுவிட்டார்களே.

அந்த ஏறுமாறு புதிதும் அல்ல. 1979இல் பிரெஞ்சு வானியலாளர் ழான்-பியேர் லுமினே அதைக் கையாலேயே வரைந்திருக்கிறார். துளையிட்ட அட்டைகளில் கணக்கை ஊட்டி ஐபிஎம் 7040 கணினியிடம் எண்களை வாங்கினார். படமாக வரைந்து தர அவரிடம் கருவி இல்லை. வெளிச்சம் மிகும் இடத்தில் அடர்த்தியாக, குறையும் இடத்தில் கலைந்து, மையால் புள்ளி புள்ளியாக வைத்து, பிறகு அதை நெகட்டிவாக மாற்றினார். ஒரு பக்கம் ஒளிர, மறுபக்கம் இருண்ட கருந்துளை கிடைத்தது. லுமினே கவிதையும் எழுதுபவர், ஓவியமும் வரைபவர்.

2019 ஏப்ரல் 10 அன்று எம்87 விண்மீன் திரளின் நடுவே உள்ள கருந்துளையின் படம் வெளியானது. 5.5 கோடி ஒளியாண்டு தொலைவு. எட்டு ரேடியோ தொலைநோக்கிகளின் கூட்டு வேலை. அதில் வளையத்தின் கீழ்ப்பகுதி பிரகாசமாகவும் மேற்பகுதி மங்கலாகவும் இருந்தது. காரணம் அதே டாப்ளர். இந்த வழக்கில் லுமினேயின் பேனா நோலனை ஜெயித்துவிட்டது என்று தீர்ப்பெழுத ஆசைதான். ஆனால் அந்த வளையத்தின் ஆரஞ்சு நிறம் கருந்துளையுடையது அல்ல. தொலைநோக்கிகள் பிடித்தவை 1.3 மில்லிமீட்டர் ரேடியோ அலைகள். அவற்றுக்கு நிறம் கிடையாது. நம் கண்ணுக்காக ஆய்வாளர்கள் தேர்ந்தெடுத்துப் பூசிய நிறம் அது. நோலன் மேல் வழக்குப் போடுகிறவர்கள் இந்த ஆரஞ்சையும் சேர்த்தே விசாரிக்க வேண்டியிருக்கும்.