ஆறு பேர், இரண்டு அறை, ஒரு கப்பல்

கப்பல் சுற்றுலா விளம்பரத்தில் கொட்டை எழுத்தில் ஒரு தொகை இருக்கும். அதன் கீழே பொடி எழுத்தில் ‘ஓர் அறையில் இருவர் தங்கும் கணக்கில், ஒருவருக்கு’ என்று போட்டிருப்பார்கள். இரண்டு பிள்ளைகளுக்கு மேல் இருக்கிற வீட்டில் திட்டம் அந்தப் பொடி எழுத்திலிருந்துதான் தொடங்க வேண்டும். டீயை எடுத்துக்கொள்ளுங்கள். இது ஒரு டம்ளர் டீயில் முடிகிற பேச்சு இல்லை.

கணக்குக்கு ஒரு குடும்பத்தை வைத்துக்கொள்வோம். அப்பா, அம்மா, 13 வயதில் மூத்த பெண், 9 வயதில் ஒரு பையன், 4 வயதில் கடைக்குட்டி, கூடவே பாட்டி. ஆக 6 பேர். சென்னையிலிருந்தோ திருச்சியிலிருந்தோ விமானத்தில் சிங்கப்பூர் போய், அங்கே கப்பல் ஏறி, பினாங்கும் புக்கெட்டும் பார்த்துவிட்டுச் சிங்கப்பூருக்கே திரும்புகிற 4 இரவுப் பயணம். சென்னைத் துறைமுகத்திலிருந்தே 2022 ஜூனில் கார்டிலியா நிறுவனத்தின் கப்பல் புறப்பட்டது நினைவிருக்கும். ஆனால் சென்னைப் பயணங்கள் சில மாதங்களில் மட்டும்தான் வரும். சிங்கப்பூரில் ஆண்டு முழுக்கக் கப்பல் கிடைக்கும்.

எல்லாரும் முதலில் எந்தக் கப்பல் நல்ல கப்பல் என்றுதான் கேட்கிறார்கள். பிள்ளைகள் நிறைய உள்ளவர்கள் முதலில் கேட்க வேண்டியது வேறு: யார் எங்கே படுப்பது? இது தீர்ந்துவிட்டால் மற்ற முடிவுகள் பாதி தாமாக வந்துவிடும்.

சாதாரண அறை பல கப்பல்களில் 150 முதல் 180 சதுர அடிக்குள்தான் இருக்கும். இரண்டு கட்டில்கள் சேர்த்துப் போடப்பட்டிருக்கும். மூன்றாவது ஆளுக்குச் சோபா படுக்கையாக விரியும். நான்காவது ஆளுக்குக் கூரையிலிருந்தோ சுவரிலிருந்தோ ரயிலின் மேல் பெர்த் போல ஒரு படுக்கை இறங்கும். நான்கையும் விரித்துவிட்டால் தரையில் நடக்க இடம் இருக்காது. ராத்திரி கழிப்பறைக்குப் போகிற பாட்டி யார் காலையாவது மிதித்துக்கொண்டுதான் போக வேண்டும். கடைக்குட்டியை மேல் படுக்கையில் படுக்க வைக்கவும் கூடாது. இந்த அறையில் 4 பேருக்கு மேல் அனுமதி கிடையாது. 5, 6 பேர் தங்குகிற குடும்ப அறைகளும் சில கப்பல்களில் உண்டு. ஆனால் ஒரு கப்பலுக்கு அவை கொஞ்சம்தான், விலையும் அதிகம். நம்மைப் போன்றவர்களுக்கு நடைமுறைக்கு ஒத்துவருவது இரண்டு அறைகள்.

இனி பணக் கணக்கு. ஓர் அறையில் முதல் இரண்டு பேருக்கு முழுக் கட்டணம். மூன்றாவது, நான்காவது ஆளுக்குக் குறைந்த கட்டணம். சில சமயம் சலுகையில் கட்டணமே இருக்காது. இதில் பல நிறுவனங்கள் வயதைப் பார்ப்பதில்லை, அறையில் எத்தனையாவது ஆள் என்றுதான் பார்க்கின்றன. ஆகவே அம்மாவும் கடைக்குட்டியும் மட்டும் ஓர் அறையில் இருந்தால் அந்த 4 வயதுக் குழந்தைக்கும் முழுக் கட்டணம்தான். நம் 6 பேரை மூன்று மூன்றாகப் பிரித்தாலும், நாலும் இரண்டுமாகப் பிரித்தாலும் 4 முழுக் கட்டணம், 2 குறைந்த கட்டணம் என்றுதான் வரும். அதனால் வசதியைப் பார்த்துப் பிரியுங்கள். பாட்டி, அம்மா, மூத்த பெண் ஓர் அறை. அப்பாவோடு இரண்டு சிறுசுகள் இன்னோர் அறை என்பது என் தேர்வு. பாட்டி இல்லாமல் 5 பேர் என்றால் மூன்றும் இரண்டுமாகப் பிரியுங்கள். நாலு பேரை ஓர் அறையில் போட்டு ஒருவரைத் தனியே விட்டால், அந்தத் தனி ஆளுக்குப் பெரும்பாலும் இருவர் கட்டணத்தைப் போட்டுவிடுவார்கள்.

கட்டணம் குறைகிற பிள்ளைக்கும் துறைமுக வரி குறையாது. பணியாளர் அன்பளிப்பு என்று நாள்தோறும் ஆளுக்கு இவ்வளவு என்று சேர்ப்பதும் பல நிறுவனங்களில் பிள்ளைகளுக்கும் உண்டு. பெரிய கப்பல்களில் அது ஆளுக்கு ஒரு நாளைக்கு 15 முதல் 20 டாலர் வரை போகும். 6 பேர், 4 நாள் என்று பெருக்கிப் பார்த்தால் சின்னத் தொகை இல்லை. விலை கேட்கும்போதே ‘வரி, அன்பளிப்பு எல்லாம் சேர்த்து 6 பேருக்கு மொத்தம் எவ்வளவு’ என்று ஒரே தொகையாகக் கேளுங்கள். இந்தியாவில் ஏஜென்ட் மூலம் போட்டால் வெளிநாட்டுச் சுற்றுலாவுக்கு டிசிஎஸ் என்று ஒரு வரி பிடிப்பார்கள். அது வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளக்கூடியது, ரசீதைப் பத்திரமாக வையுங்கள்.

கடைசி நேரத்தில் விலை இறங்கும், காத்திருக்கலாமே என்று தோன்றும். இருவராகப் போகிறவர்களுக்கு அது சரிவரலாம். பிள்ளைகளோடு போகிறவர்களுக்குச் சரிவராது, அதற்குக் காரணம் கப்பலின் பாதுகாப்பு ஏற்பாட்டிலேயே இருக்கிறது. ஆபத்து வந்தால் எந்த அறைக்காரர்கள் எந்த இடத்தில் கூட வேண்டும், எந்த உயிர்காப்புப் படகில் ஏற வேண்டும் என்று முன்கூட்டியே ஒதுக்கியிருப்பார்கள். ஒரு படகுக்கு இத்தனை பேர் என்று வரம்பு உண்டு. அந்தப் படகுக்கு ஒதுக்கிய அறைகளில் மூன்றாவது, நான்காவது ஆட்கள் ஏற்கெனவே நிறையப் பதிவாகிவிட்டால் எண்ணிக்கை நிரம்பிவிடும். அப்புறம் 4 படுக்கை உள்ள அறை காலியாகவே கிடந்தாலும் இருவருக்கு மேல் தரமாட்டார்கள். கோடை விடுமுறைப் பயணங்களில் முதலில் தீர்ந்துபோவதும் இந்த மூன்றாவது, நான்காவது இடங்கள்தான். ஆகவே பல மாதங்களுக்கு முன்பே பதிவு செய்யுங்கள்.

இரண்டு அறை என்று முடிவானதும், நடுவில் உள்கதவு இருக்கிற கனெக்டிங் அறைகள் வேண்டும் என்று கேளுங்கள். பக்கத்துப் பக்கத்து அறை என்பது வேறு. அதில் ஒவ்வொரு முறையும் வெளி நடையில் வந்துதான் போக வேண்டும். பதிவில் ஒவ்வோர் அறையிலும் பெரியவர் ஒருவர் பெயர் இருக்க வேண்டும் என்பது பொதுவான விதி. ஏறிய பிறகு சேவை மேசையில் கேட்டால் இரு அறைகளுக்கும் சாவி அட்டை தருவார்கள். பால்கனி வேண்டுமா? கடைக்குட்டிக்கு 4 வயது என்றால் வேண்டாம் என்பேன். பால்கனித் தடுப்பு பெரியவர் மார்பு உயரத்துக்குக் கிட்ட இருக்கும், பாதுகாப்பானதுதான். ஆனால் அங்கேயே நாற்காலியும் கிடக்கும், பிள்ளை அதை நகர்த்தி ஏற ஒரு நிமிடம் போதும். ஜன்னல் உள்ள அறை கடலையும் காட்டும், மனதுக்கும் நிம்மதி. தலைசுற்றல் பயம் இருந்தால் கப்பலின் நீளவாட்டில் நடுப்பகுதியில், கீழ்த் தளங்களில் அறை கேளுங்கள். அங்கேதான் ஆட்டம் குறைவு.

ஆட்டம் என்றதும் பருவம் நினைவுக்கு வருகிறது. சிங்கப்பூரிலிருந்து பினாங்கு வரை கப்பல் போவது மலாக்கா நீரிணையில். ஒரு பக்கம் மலேசியா, மறு பக்கம் சுமத்ரா மறித்து நிற்பதால் அங்கே பெரிய அலை எழுவது குறைவு. அதைத் தாண்டிப் புக்கெட்டை நெருங்கும்போதுதான் அந்தமான் கடல் திறந்துகொள்கிறது. தென்மேற்குப் பருவக்காற்று மே பிற்பகுதியில் தொடங்கிவிட்டால் அந்தக் கரை கொந்தளிக்கும். புக்கெட்டில் பெரிய கப்பல்கள் பெரும்பாலும் கரைக்கு வராமல் கடலிலேயே நங்கூரம் போட்டு, சிறு படகில் ஆட்களை இறக்கும். அலை மிகுந்தால் அந்த இறக்கமே ரத்தாகலாம். நம் பள்ளி விடுமுறை ஏப்ரல் கடைசியிலிருந்து ஜூன் தொடக்கம் வரை. அதில் முன்பகுதியை எடுத்துக்கொள்ளுங்கள்.

பினாங்கு பிள்ளைகளோடு இறங்க அருமையான துறைமுகம். சுவெட்டன்ஹாம் துறையில் கப்பல் ஊரை ஒட்டியே நிற்கும். இறங்கிச் சாலையைக் கடந்தால் கார்ன்வாலிஸ் கோட்டை. இன்னும் கொஞ்சம் நடந்தால் லிட்டில் இந்தியா, குயீன் தெருவில் மகா மாரியம்மன் கோயில். பூக்கடையிலும் சாப்பாட்டுக் கடையிலும் தமிழிலேயே பேசலாம், பாட்டிக்கு அந்த ஒரு பகல் போதும். கப்பல்காரர்கள் விற்கிற பேருந்துச் சுற்றுலா இங்கே அவசியமே இல்லை. சில பயணங்களில் வரும் போர்ட் கிள்ளான் துறைமுகம் அப்படியில்லை. அங்கிருந்து கோலாலம்பூர் போக ஒரு மணி நேரத்துக்குக் குறையாது. பாதையைத் தேர்ந்தெடுக்கும்போது ‘துறைமுகத்திலிருந்து ஊர் எவ்வளவு தூரம்’ என்று கேட்பது சின்னப் பிள்ளை உள்ளவர்களுக்கு ரொம்ப முக்கியம். புக்கெட்டில் இன்னொரு கவனம்: தாய்லாந்து நேரம் சிங்கப்பூர் நேரத்தைவிட ஒரு மணி நேரம் பின்தங்கியது. கைபேசி தானாகத் தாய்லாந்து நேரத்துக்கு மாறிவிடும், கப்பல் சிங்கப்பூர் நேரத்திலேயே இருக்கலாம். மாலை எந்த நேரத்தின்படி திரும்ப வேண்டும் என்று இறங்கும்போதே கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். தாமதமாக வருகிற குடும்பத்துக்காகக் கப்பல் காத்திருக்காது.

காகிதங்களில் இரண்டு இடத்தில் சறுக்கும். சிங்கப்பூருக்கு இந்தியர்களுக்கு விசா வேண்டும். கப்பல் வெளியே போய் மறுபடி உள்ளே வருவதால் ஒன்றுக்கு மேற்பட்ட முறை நுழைய அனுமதிக்கிற விசாவாக அது இருக்க வேண்டும். அடுத்தது, பிள்ளைகளின் பாஸ்போர்ட். பெரியவர்களுடையது 10 ஆண்டு செல்லும், சிறுவர்களுடையது பொதுவாக 5 ஆண்டுதான். மூன்று பிள்ளைக்கு மூன்று தேதிகள். பயணம் முடிகிற நாளிலிருந்து 6 மாதமாவது செல்லுபடியாகிறதா என்று ஒவ்வொன்றையும் எடுத்துப் பாருங்கள். மலேசியா, தாய்லாந்து விதிகள் அடிக்கடி மாறுகின்றன, பதிவு செய்கிற வாரத்தில் அவற்றையும் சரிபாருங்கள். விமானத்தைக் கப்பல் கிளம்புகிற அன்று வைக்காமல் முந்தைய நாளே வைத்துக்கொள்வது நல்லது.

கைக்குழந்தை இருந்தால் வயது வரம்பு உண்டு. பல நிறுவனங்கள் 6 மாதத்துக்குக் குறைந்த குழந்தையை ஏற்றுவதில்லை, நாள்கணக்கில் கரையே தொடாத நீண்ட பயணங்களுக்கு 12 மாதம் கேட்கின்றன. டயப்பர் போடுகிற குழந்தையைப் பொதுவாக நீச்சல் குளத்தில் இறக்கவிடமாட்டார்கள், நீச்சலுக்கென்றே வரும் டயப்பர் போட்டிருந்தாலும் அப்படித்தான். சில கப்பல்களில் அவர்களுக்கென்று தனியாக நீர் தெளிக்கும் இடம் இருக்கும். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் மன்றம் பெரும்பாலும் 3 வயதிலிருந்து, அதுவும் கழிப்பறைப் பழக்கம் வந்த பிள்ளைக்குத்தான். வயதுவாரியாகப் பிரிப்பார்கள் என்பதால் நம் மூன்று பேரும் மூன்று இடத்தில் இருப்பார்கள். அண்ணன் தங்கையைப் பார்த்துக்கொள்வான் என்று நம்பித் திட்டம் போடாதீர்கள். குளத்தோரம் எல்லாக் கப்பல்களிலும் உயிர்காப்பாளர் இருப்பதில்லை. அங்கே பெரியவர் ஒருவர் கண் எப்போதும் இருக்க வேண்டும்.

சாப்பாட்டைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். சிங்கப்பூர்க் கப்பல்களில் இந்தியச் சைவ உணவு கிடைக்கும், வெங்காயம் பூண்டு சேர்க்காத சாப்பாடு வேண்டுமென்றால் முன்பதிவிலேயே சொல்லிவையுங்கள். ரைஸ் குக்கர், மின்சாரக் கெட்டில், இஸ்திரிப் பெட்டி மூன்றையும் வீட்டிலேயே வைத்துவிடுங்கள். தீப்பிடிக்கும் அபாயத்தால் ஏறும்போதே எடுத்துவைத்துக்கொள்வார்கள். வீட்டில் கட்டிய புளிசாதத்துக்கும் பொதுவாக அனுமதியில்லை. கடையில் முத்திரையோடு வாங்கிய பிஸ்கட் மாதிரியானவை பரவாயில்லை. பெட்டிகள் அறைக்கு வந்து சேரச் சாயங்காலம்கூட ஆகலாம். ஆகவே பாட்டியின் மாத்திரை, பாஸ்போர்ட், பிள்ளைகளுக்கு ஒரு மாற்று உடை ஆகியவை கைப்பையில் இருக்கட்டும். கடலில் கைபேசியை விமானப் பயன்முறையில் வையுங்கள், கப்பலின் கைபேசிச் சேவை தானாக இணைந்தால் கட்டணம் எகிறும். கப்பல் மருத்துவர் வாங்குவதும் டாலரில்தான். 6 பேருக்கும் பயணக் காப்பீடு எடுத்துவிடுங்கள். கைகளைச் சோப்புப் போட்டுக் கழுவச் சொல்லுங்கள். கப்பல்களில் பரவும் நோரோ வைரஸ் என்கிற வாந்திபேதிக் கிருமிக்குச் சானிடைசர் போதாது.

ஏறிய முதல் நாள் ஒரு பாதுகாப்புப் பயிற்சி இருக்கும். பலர் அதைத் தொந்தரவாக நினைக்கிறார்கள். 2012 ஜனவரி 13 அன்று இத்தாலியின் ஜில்யோ தீவருகே கோஸ்டா கான்கார்டியா என்ற கப்பல் பாறையில் மோதி 32 பேர் இறந்தார்கள். அன்று மாலைதான் ஏறியவர்களுக்குப் பயிற்சியே நடந்திருக்கவில்லை. ஏறி 24 மணி நேரத்துக்குள் நடத்தினால் போதும் என்பது அன்றைய விதி. கப்பல் கிளம்புவதற்கு முன்போ, கிளம்பியவுடனோ நடத்தியாக வேண்டும் என்ற திருத்தம் 2015 ஜனவரி 1 முதல் கட்டாயமானது. இப்போது பாதிப் பயிற்சி கைபேசிக் காணொளியிலேயே முடிந்துவிடுகிறது. அதோடு விடாமல் மூன்று பிள்ளைகளையும் கைபிடித்து, அறையிலிருந்து கூடுமிடம் வரை மாடிப்படி வழியாகவே ஒருமுறை நடத்திக் கூட்டிப்போங்கள். ஆபத்தில் மின்தூக்கி கிடையாது. பாட்டியால் அத்தனை படி இறங்க முடியுமா என்பதும் அப்போதே தெரிந்துவிடும். முடியாதென்றால் பணியாளர்களிடம் உடனே சொல்லுங்கள், உதவி தேவைப்படுவோர் பட்டியலில் சேர்த்துக்கொள்வார்கள்.

முதல் தடவை 3 அல்லது 4 இரவுக்கு மேல் போட வேண்டாம். கடலும் கப்பலும் பிள்ளைகளுக்குப் பிடித்திருந்தால் அடுத்த ஆண்டு நீண்ட பயணம் போகலாம். முன்பணம் கட்டும் முன், இரண்டு அறைகளின் எண்களையும், நடுவில் உள்கதவு உண்டு என்பதையும், 6 பேர் பெயரும் அந்த அறைகளில் பதிவாகிவிட்டது என்பதையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். ‘கப்பலில் ஏறியதும் பார்த்துத் தருவார்கள்’ என்று சொல்கிற ஏஜென்டிடம் மட்டும் பணம் கட்டாதீர்கள்.