துருவ ஒளி பார்க்கப் போகிறீர்களா? குளிரை முதலில் தெரிந்துகொள்ளுங்கள்

கனடாவின் வடமேற்குப் பிரதேசங்களின் தலைநகரம் யெல்லோநைஃப். கிரேட் ஸ்லேவ் ஏரியின் வடகரையில் ஏறத்தாழ 20,000 பேர் வாழும் சிறிய ஊர். துருவ ஒளி அடிக்கடி தோன்றும் வளையத்துக்கு நேர்கீழே இருப்பதாலும், குளிர்காலத்தில் வானம் பெரும்பாலும் தெளிந்திருப்பதாலும் உலகெங்கிலுமிருந்து மக்கள் வருகிறார்கள். டொரன்டோவிலும் அதைச் சுற்றியும் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு இது உள்நாட்டுப் பயணம்தான். ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பா, அம்மாவையும் கூட்டிக்கொண்டு போக ஆசை வரும். நல்ல ஆசை. ஆனால் ஜனவரியில் அங்கே சராசரி வெப்பநிலையே மைனஸ் 25 டிகிரி செல்சியஸை ஒட்டி இருக்கும். டொரன்டோ குளிரைத் தாங்கிப் பழகிய உடம்புக்கும் அது புதியது.

ஒளி தெரியும் இரவே கடும் குளிரிரவு

மேகம் மூடிய இரவில் தரையின் வெப்பம் முழுவதும் வெளியேறிவிடாமல் மேகம் ஓரளவு தடுக்கும். வானம் தெளிந்திருந்தால் அந்தத் தடுப்பு இல்லை. துருவ ஒளியைப் பார்க்கத் தேவையானதும் அதே தெளிந்த வானம்தான். அதனால் காட்சி கிடைக்கும் இரவுகளே பெரும்பாலும் மிகக் குளிர்ந்த இரவுகளாக அமைகின்றன.

பார்ப்பவர்கள் செய்யும் வேலையோ அசையாமல் நிற்பது. நடக்கும்போதும் பனி அள்ளும்போதும் தசைகள் வெப்பம் உண்டாக்கும். இரவு 10 மணிக்கு மேல் ஏரிக்கரையில் அண்ணாந்து பார்த்தபடி நிற்கும்போது அந்த வெப்பம் இல்லை. நாய் இழுக்கும் சறுக்குவண்டியிலும் இதே நிலைதான். ஓடுவது நாய்கள், நாம் உட்கார்ந்திருக்கிறோம், எதிர்காற்று முகத்தில் அடிக்கிறது. மைனஸ் 30 டிகிரியில் மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் காற்று வீசினால் உடம்புக்கு அது மைனஸ் 43 போல இருக்கும். அந்த நிலையில் மூடாத தோல் 5 முதல் 10 நிமிடத்துக்குள் உறையத் தொடங்கலாம்.

பனிக்கடி: வலி நின்றால் விழித்துக்கொள்ளுங்கள்

விரல், மூக்கு நுனி, காது மடல், கன்னம் ஆகியவற்றில்தான் பனிக்கடி முதலில் பிடிக்கும். பெரும்பாலும் அது நேர்வது படமெடுக்கும்போது. வானில் பச்சை ஒளி அசைகிறது. கையுறையைக் கழற்றிக் கைப்பேசியை எடுக்கிறோம். முதலில் விரல் நுனியில் ஊசி குத்துவது போன்ற வலி. சற்று நேரத்தில் வலி அடங்கிவிடும். கை குளிருக்குப் பழகிவிட்டது என்று நினைத்து இன்னும் நான்கு படம் எடுப்போம். உண்மையில் அங்கே ரத்த ஓட்டம் குறைந்து விரல் மரத்துப்போயிருக்கிறது.

தோல் சிவக்கும் அல்லது வெளுக்கும் என்று பொதுவாகச் சொல்வார்கள். மாநிறத்திலும் கருநிறத்திலும் அது எளிதில் தெரியாது. சாம்பல் பூத்தாற்போல் நிறம் மங்குவது, மெழுகு போன்ற வழவழப்பு, அழுத்தினால் கெட்டியாக இருப்பது ஆகியவற்றைக் கவனியுங்கள். தன் மூக்கைத் தானே பார்க்க முடியாது. ஆகவே இருவர் இருவராகச் சேர்ந்து ஒருவர் முகத்தை மற்றவர் அடிக்கடி பார்த்துச் சொல்லுங்கள்.

அறிகுறி தெரிந்தால் உடனே உள்ளே போங்கள். உறைந்த இடத்தைத் தேய்க்கக் கூடாது. பனியை வைத்துத் தேய்ப்பது இன்னும் கெடுதல். கணப்பில் நேரடியாகக் காட்டவும் கூடாது, உணர்வில்லாத தோல் சுட்டுப்போவது தெரியாது. 37 முதல் 39 டிகிரி வெதுவெதுப்பான நீரில் வையுங்கள். மறுபடியும் குளிரில் போக வேண்டியிருந்தால் உருக்காமல் மருத்துவமனைக்குச் செல்லுங்கள். உருகிய இடம் திரும்ப உறைந்தால் சேதம் பல மடங்காகும்.

என்ன உடுத்துவது?

தோலை ஒட்டி மெரினோ கம்பளி அல்லது பாலியஸ்டர் உள்ளாடை, அதன்மேல் ஃபிளீஸ், வெளியே காற்றுப் புகாத தடித்த கோட்டு. பருத்தி வேண்டாம், வியர்வையை உறிஞ்சி ஈரமாகவே இருந்து உடம்பின் சூட்டை இழுத்துவிடும். விரல்கள் தனித்தனியாக நுழையும் கையுறையைவிட நான்கு விரலும் சேர்ந்திருக்கும் மிட்டன் நல்லது. காலுறை இரண்டு போட்டுப் பூட்ஸை இறுக்கினால் ரத்த ஓட்டம் தடைபடும். விரல்கள் உள்ளே அசைய இடம் வேண்டும். பயண ஏற்பாட்டாளர்கள் பலர் குளிர்கால உடைகளை வாடகைக்குத் தருகிறார்கள்.

மூக்குத்தி, தோடு, மெட்டி, மோதிரம் ஆகியவற்றை வெளியே போகுமுன் கழற்றிவிடுங்கள். உலோகம் தோலின் சூட்டை விரைவாகக் கடத்திவிடும். முகத்தில் தேங்காய் எண்ணெய் தடவுவது பனிக்கடியைத் தடுக்காது. முகத்தைத் துணியால் மூடுவதே பாதுகாப்பு.

நீரிழிவு, இதயநோய், ஆஸ்துமா உள்ளவர்கள்

பல ஆண்டுகளாக நீரிழிவு உள்ளவர்களில் பலருக்குப் பாதத்தில் உணர்வு குறைந்திருக்கும். குளிர் கொடுக்கும் முதல் எச்சரிக்கையான வலி அவர்களுக்குக் கிடைக்காமலே போகலாம். அரை மணிக்கு ஒருமுறை உள்ளே வந்து பாதத்தைப் பார்ப்பது அவசியம். இன்சுலினைக் கைப்பையில் வைக்காமல் சட்டைக்குள், உடம்பை ஒட்டி வையுங்கள். ஒருமுறை உறைந்த இன்சுலினை, பிறகு உருகினாலும், போட்டுக்கொள்ளக் கூடாது. ரத்தச் சர்க்கரை பார்க்கும் கருவியும் குளிரில் சரியாக வேலை செய்யாது.

குளிரில் ரத்தக் குழாய்கள் சுருங்கி ரத்த அழுத்தம் ஏறும்; இதயத்தின் சுமை கூடும். வறண்ட குளிர்காற்று ஆஸ்துமாவைத் தூண்டும். இன்ஹேலரையும் சூடாக வைத்துக்கொள்ளுங்கள். இவர்கள் பயணச்சீட்டு வாங்குமுன் மருத்துவரைப் பார்த்துவிடுவது நல்லது.

உடம்பே குளிர்ந்துபோனால்

உள்வெப்பம் 35 டிகிரிக்குக் கீழே இறங்கினால் உயிருக்கு ஆபத்து. விடாத நடுக்கம், பேச்சுக் குழறல், தள்ளாட்டம், பொத்தான் போட முடியாத கை ஆகியவை முன்னறிகுறிகள். நடுங்கிக்கொண்டிருந்தவர் சூடேறாமலே நடுக்கம் நின்று அமைதியானால் நிலைமை முற்றிவிட்டது என்று பொருள். உடனே ஆம்புலன்ஸ் உதவி கேளுங்கள். உள்ளே கொண்டுபோய் ஈர உடையை மாற்றி, கம்பளி போர்த்தி, நினைவு தெளிவாக இருந்தால் சூடாக இனிப்புப் பானம் கொடுக்கலாம். மது கூடவே கூடாது. அது தோலின் ரத்தக் குழாய்களை விரித்துச் சூடு பரவுவதுபோல் காட்டும். உள்வெப்பமோ வேகமாக வெளியேறும்.

எந்தப் பருவம் யாருக்கு?

உறைந்த ஏரியில் மீன்பிடிப்பதும் நாய்வண்டிப் பயணமும்தான் விருப்பம் என்றால் மார்ச் மாதம் ஏற்றது. பகல் நீண்டு, குளிர் கொஞ்சம் தணிந்திருக்கும். பனியில் பட்டுத் தெறிக்கும் வெயில் கண்ணைப் புண்ணாக்கும் என்பதால் புற ஊதாக் கதிரைத் தடுக்கும் கண்ணாடி அணியுங்கள்.

வயதானவர்களுக்கும் நாட்பட்ட நோய் உள்ளவர்களுக்கும் ஆகஸ்ட் நடுப்பகுதி முதல் செப்டம்பர் வரை மிக நல்ல காலம். அப்போதே இரவு போதுமான அளவு இருண்டிருக்கும், துருவ ஒளியும் தெரியும், குளிர்காலக் கடுமையும் இருக்காது. அதே ஒளியைப் பார்க்க மைனஸ் 30 டிகிரியில் நின்றாக வேண்டிய கட்டாயம் யாருக்கும் இல்லை. பெற்றோரை அழைத்துச் செல்பவர்கள் விடுமுறையைப் பார்த்துத் தேதி குறிப்பதற்குமுன், அவர்கள் உடம்புக்கு எது ஒத்துவரும் என்று பார்த்துக் குறிக்க வேண்டும்.