தொட்டிக் கடலுக்குச் சூடு

நெய்தல் நிலத்தில் வாழ்வோர்க்குக் கடல்நீரின் சூடு ஓர் ஆராய்ச்சிப் பொருளாகத் தோன்றுவதில்லை. கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர்க் கரைகளிலே கரைவலை இழுப்போர் வாடையை அறிவர், கச்சானை அறிவர், நீரோட்டத்தின் போக்கையும் மீன்படும் காலத்தையும் அறிவர். நீரின் வெப்பநிலையை அளந்து பார்த்தவர் அவருள் அரியர். அளக்க வேண்டிய தேவை அவர்க்கு நேர்ந்ததில்லை. இக்கடலின் மேல்நீர் ஆண்டின் பெரும்பகுதியும் ஏறக்குறைய 27 முதல் 30 பாகை செல்சியசுக்குள் நிற்பது. குறைவின்றிக் கிடைக்கும் பொருளுக்கு எவரும் கணக்கு வைப்பதில்லை.

இக்கடலைவிட்டு வெளியேறும் மீனுக்கோ முதல் நாளிலேயே கணக்குத் தொடங்கிவிடுகின்றது. உண்ணும் மீனை மட்டுமன்றிக் கண்டு மகிழும் மீனையும் இலங்கை நெடுங்காலமாக ஏற்றுமதி செய்து வருகின்றது. தென்மேற்குக் கடல் கொந்தளிக்கும் மாதங்களிலே சுழியோடிகள் கிழக்குக் கரைக்கு வருவர். மட்டக்களப்பு, திருகோணமலைப் பகுதிக் கற்பாறைகளிடையே கோமாளி மீனையும் வண்ணத்திப்பூச்சி மீனையும் சிங்க மீனையும் உயிரோடு பிடிப்பர். எவ்வினத்தை ஏற்றுமதி செய்யலாம், எதனைச் செய்யலாகாது என்பதை 1996ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கடற்றொழில், நீரியல் வளச் சட்டமும், 1998இல் வந்த உயிர்மீன் ஏற்றுமதி இறக்குமதி ஒழுங்குவிதிகளும் வரையறுக்கின்றன. அங்ஙனம் பிடிபட்ட மீன் நீரும் உயிர்வளியும் நிறைத்த பையிலே வானூர்தி ஏறிப் பனிநாட்டு வீடொன்றின் கண்ணாடித் தொட்டியைச் சென்றடைகின்றது. அங்கே அதன் உயிர் ஒரு சாண் நீளக் கருவியின் கையில் இருக்கின்றது. அக்கருவியே சூடேற்றி.

என்னிடம் இலக்கணம் பயின்ற மாணவர் ஒருவர் இப்போது ரொறன்ரோவில் வாழ்கின்றார். கடல்நீர்த் தொட்டி வைத்து நம் கடல்மீன்கள் சிலவற்றைப் பேணுகின்றார். அவர் அண்மையில் இரண்டு வினாக்களை எழுதி அனுப்பினார். அக்கருவிக்குத் தமிழிலே தக்க பெயர் யாது என்பது ஒன்று. நம்பத்தக்க கருவியைத் தெரிவது எவ்வாறு என்பது மற்றொன்று. முதல் வினா எனக்குரியது. மற்றதற்கு எம் கல்லூரி விஞ்ஞான ஆசிரியரை நாடினேன். ஆராய்ந்து செல்கையில் இரண்டும் ஒரே வினாவாய் முடிந்தன. அதனாலேயே இதனை எழுதலானேன்.

பௌதிகம் கற்பிப்போர் வெப்பம் வேறு, வெப்பநிலை வேறு என்பர். வெப்பம் என்பது ஓர் ஆற்றல். கொடுக்கவும் இழக்கவும் கூடியது. வெப்பநிலை என்பது அவ்வாற்றலால் பொருள் எய்தி நிற்கும் நிலை. கல்முனைக்கு அயலூராகிய காரைதீவிலே 1892இல் பிறந்த சுவாமி விபுலாநந்தர், 1936இல் சென்னையிலே கூடிய கலைச்சொல்லாக்க மாநாட்டுக்குத் தலைமை தாங்கியவர். பொருளைப் பிரித்து அறிந்தவனே சொல்லைப் பிரித்து வழங்க இயலும் என்பதை அத்தகையோர் பணி நமக்கு உணர்த்துகின்றது. கடையிலே ஒரே குழாயாக விற்கப்படும் இக்கருவியுள் இரண்டு உறுப்புகள் உள. வெப்பத்தைக் கொடுப்பது ஒன்று. அதனைச் சூடேற்றி என்க. போதுமான நிலை வந்ததும் மின்னை நிறுத்துவது மற்றொன்று. அதனை வெப்பநிலை காப்பான் என்க. கருவி கெட்டது என்று கூறுவோர் இவற்றுள் எது கெட்டது என்று கூறுவதில்லை. கேடு அனைத்தும் அவ்வேறுபாட்டிலேயே தங்கியிருக்கின்றது.

கடலுயிரைக் கண்ணாடியுள் வைத்துப் பேணும் கலைக்கு ஆங்கில இயற்கையறிஞர் பிலிப் ஹென்றி கொஸ் 1854இல் வெளியிட்ட நூல் பெரிதும் ஊக்கமளித்தது. அவர் பேணியவை தம் நாட்டுக் குளிர்கடல் உயிர்கள். ஆகலின் சூடேற்றும் கவலை அவர்க்கு இருந்ததில்லை. சென்னை மெரீனாக் கரையிலே 1909இல் திறக்கப்பட்டு, இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் மூடப்பட்ட மீன்காட்சிச் சாலைக்கும் அக்கவலை இல்லை. அருகிருந்த கடலே வெதுவெதுப்பானது. வெப்பநாட்டு மீன் குளிர்நாட்டுக்குச் சென்றபோதே இச்சிக்கல் பிறந்தது. நம் நாட்டிலும் கல்முனையில் வேண்டாத சூடேற்றி நுவரெலியாவில் வேண்டப்படும்.

மீனுக்கு நம்மைப்போல் தன் உடற்சூட்டைத் தானே நிலைநிறுத்தும் ஆற்றல் இல்லை. நீரின் சூடே அதன் சூடு. தொல்காப்பியர் உயிர்களின் அறிவை எண்ணும்போது உற்றறிவை முதலாவதாக வைத்தமை ஈண்டு நினைக்கத்தக்கது. நீர் திடீரெனக் குளிர்ந்தால் மீன் உண்ண மறுக்கும். வெண்புள்ளி நோய்க்கு எளிதில் இரையாகும். நீர் மிகச் சூடேறினால் அதிலே கரைந்திருக்கும் உயிர்வளி குறையும். அதே வேளையில் மீனின் உயிர்வளித் தேவை கூடும். வரவு குன்றிச் செலவு பெருகும் குடும்பத்தின் நிலையே அது.

இனிக் கருவிக்கு வருவோம். பெரும்பாலான சூடேற்றிகள் கண்ணாடிக் குழாயுள் பீங்கானிற் சுற்றிய நிக்குரோம் கம்பியால் ஆனவை. அவற்றுட் பலவற்றில் வெப்பநிலை காப்பானாக அமைவது ஈருலோகச் சட்டம். சூடு கூடியதும் அது வளைந்து மின்தொடுப்பை விலக்கும். சூடு குறைந்ததும் மீண்டும் தொடும். நாளொன்றுக்குப் பன்முறை இது நிகழ்கையில் தொடுமிடத்தில் சிறு தீப்பொறி எழும். ஆண்டுகள் செல்ல, அப்பொறியே இரு முனைகளையும் ஒட்டவைத்துவிடும். ஒட்டிய பின் கருவி சூடேற்றிக்கொண்டே இருக்கும். சூடு தராது கெடும் கருவி மீனை மெல்ல நலிவிக்கும். நிறுத்தாது கெடும் கருவி ஓர் இரவிற் கொல்லும்.

கணக்கிட்டுப் பார்ப்போம். ஒரு லீற்றர் கடல்நீரை ஒரு பாகை சூடேற்ற ஏறக்குறைய 4,000 யூல் ஆற்றல் வேண்டும். 200 லீற்றர் தொட்டியிலே 200 வாற்றுக் கருவி ஓயாது எரிந்தால், வெளியே கழியும் சூட்டைக் கணக்கில் எடாதவிடத்து, மணிக்கு ஒரு பாகைக்குச் சற்றுக் குறைவாக நீர் சூடேறும். 500 வாற்றுக் கருவியாயின் மணிக்கு இரண்டு பாகைக்கு மேல். உறங்கி எழுவதற்குள் தொட்டி மீன்குழம்பாகிவிடும். ஆதலின் பெரிது நல்லது என்னும் எண்ணம் இங்கே பொருந்தாது. வழக்கமான வீட்டறைக்கு லீற்றருக்கு ஒரு வாற்று என்பது அனுபவத்தாற் கண்ட அளவு. அவ்வளவையும் ஒரே கருவியில் இடாது, 100 வாற்றுக் கருவிகள் இரண்டாகப் பகுத்தல் சாலச் சிறந்தது. ஒன்று நிறுத்தாது கெட்டால் சூடு பாதி விரைவிலேயே ஏறும். ஒன்று அணைந்து கெட்டால் மற்றது ஓரளவு தாங்கும்.

அடுத்து, காப்பானைச் சூடேற்றியினின்றும் பிரித்து வைத்தல். தனியே வாங்கிய கட்டுப்பாட்டுக் கருவியின் வழியே மின் செல்லுமாறு அமைத்தால், ஒரு காப்பான் தவறினும் மற்றொன்று நிறுத்தும். அதனை 26 பாகையிலும், சூடேற்றியின் சொந்தக் காப்பானை அதற்குச் சற்று மேலேயும் வைப்பது முறை. இவை இரண்டையும் நம்பாது, வெப்பமானி ஒன்றையும் தனியே வைத்து நாள்தோறும் பார்த்தல் வேண்டும்.

மூன்றாவது, உறையின் பொருள். கண்ணாடி விலை மலிந்தது. உப்பு அதனை அரிக்காது. ஆயினும் நீர் வற்றிச் சூடேறிய குழாயிலே குளிர்நீர் பட்டால் வெடிக்கும். மலிவான துருப்பிடிக்கா உருக்குக்கூடக் கடல்நீரில் அரிக்கப்படும். தைத்தேனியம் விலை மிக்கது; உடையாதது; கடல்நீரையும் தாங்குவது. எதனை வாங்கினும் நீர் மாற்றுமுன் மின்னைத் துண்டித்துக் கால்மணி நேரமேனும் ஆறவிடுக. உப்புநீர் மின்னை நன்கு கடத்துமாகலின், மின்கசிந்தால் தானே துண்டிக்கும் ஆளி இன்றித் தொட்டியிற் கைவைத்தல் ஆகாது. பெயர்பெற்ற கருவியென்று அமைதல் போதாது. 2011இல் அமெரிக்காவிலே விற்கப்பட்ட ஒருவகைச் சூடேற்றிகள் பத்து இலட்சத்துக்கு மேற்பட்டவை, தீயும் காயமும் விளைக்கக்கூடும் என்று திரும்பப் பெறப்பட்டன. புதிய கருவியை முதலில் வாளி நீரில் ஒரு நாள் இட்டுச் சோதித்தலும், சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றுதலும் அறிவுடையார் செயல்.

இவ்வளவும் மாணவர்க்கு எழுதியபின் ஓர் எண்ணம் மேலோங்கிற்று. தொட்டிக்கு இரண்டு காப்பான் வைக்கின்றோம்; கடலுக்கு ஒன்றேனும் உண்டா? கோடையின் உச்சநிலைக்கு மேல் ஒரு பாகை சூடு சில வாரம் நீடித்தாலே பவளங்கள் தம்முள் வாழும் நுண்பாசியை இழந்து வெளிறும். 1998இல் இலங்கையின் ஆழமற்ற பவளப் பாறைகளுட் பெரும்பாலானவை வெளிறின. திருகோணமலைப் பகுதி பெரிதும் தப்பியது. 2016இல் மீண்டும் வெளிறல் நிகழ்ந்தது. உலகளாவிய நான்காவது வெளிறல் நிகழ்வதாக 2024 ஏப்ரலில் அறிவியலார் அறிவித்தனர். ரொறன்ரோத் தொட்டியிலுள்ள மீன் பிறந்த வீடு இத்தகையது.

ஒரு பாகையின் அருமை தொட்டி பேணுவோனுக்கு நன்கு தெரியும். அவ்வறிவை நம் மாணவரும் பெறுதல் வேண்டும். விஞ்ஞான ஆசிரியர்கள் ஒரு வெப்பமானியோடு பிள்ளைகளைக் கரைக்கு அழைத்துச் சென்று, வாடையிலும் கச்சானிலும் கடல்நீரை அளந்து எழுதிவரச் செய்வார்களாக. செலவு சிறிது, பத்தாண்டு தொடர்ந்தால் அக்குறிப்பேடு நம் ஊர்க்கு ஒரு செல்வமாகும்.