உள்ளுறை தேடினால் சுவை கெடுமா?

குயில் பாட்டை முடிக்கும்போது பாரதியார் தமிழ்ப் புலவர்களிடம் ஒன்று கேட்கிறார். இது மாலை நேரத்துக் கற்பனைதான் என்று சொல்லிவிட்டு, இருந்தாலும் வேதாந்தமாகப் பொருள் விரிக்கச் சற்றே இடமிருந்தால் கூறுங்கள் என்கிறார். எட்டயபுரத்துக்காரரின் குறும்பு! புலவர்களும் விடவில்லை. குயிலை உயிர் என்றார்கள், கவிதை என்றார்கள். விளக்கங்கள் இன்னும் வந்துகொண்டிருக்கின்றன.

அந்தப் பாட்டில் குயில் ஒரு குரங்கை வானளாவப் புகழும் இடம் உண்டு. முதன்முறை கேட்கும் மாணவர் வாய்விட்டுச் சிரிப்பார். குரங்கு என்பது அலைபாயும் மனம் என்று முன்னதாகவே கரும்பலகையில் எழுதிப்போட்டு விட்டால் அந்தச் சிரிப்பு வராது. குறிப்பேட்டில் ஒரு வரி ஏறும், அவ்வளவுதான். தொடக்க வகுப்புகளிலும் இதே கதைதான். கொக்கும் நண்டும் வரும் கதை முடிந்த மறுநொடியே 'நீதி என்ன?' என்று கேட்கிறோம். நண்டு எப்படித் தப்பியது என்று பேசிக்கொள்ளக்கூடப் பிள்ளைகளுக்கு நேரம் தருவதில்லை.

அதற்காக உட்பொருளே வேண்டாம் என்று தள்ளிவிட முடியாது. சங்க அகப்பாடல்களில் அதைப் புலவரே வைத்திருக்கிறார். தொல்காப்பியம் அதற்கு உள்ளுறை என்று பெயரிட்டு, தெய்வம் நீங்கலான கருப்பொருள்களே அதற்கு இடம் என்று வரையறுக்கிறது. இந்த விதி ஆசிரியருக்கு மிகவும் பயன்படும். பறவை, மீன், பூ, தொழில் ஆகியவற்றை அறியாதவருக்கு உள்ளுறை புலப்படாது. மேலோட்டமான காட்சியை நன்றாகப் பார்த்தவருக்கே உள்ளே இருப்பது தெரியும்.

இந்த வகையில் தூத்துக்குடிக் கடற்கரைப் பிள்ளைகளுக்கு நெய்தல் பாடல்கள் சொந்த ஊர்ச் சங்கதி. ஐங்குறுநூற்றில் அம்மூவனார் பாடிய நெய்தல் பகுதியில் கொற்கைத் துறையே வருகிறது. (தாமிரபரணி வண்டல் சேர்ந்து கடல் விலகியதால், இன்றைய கொற்கை உள்நாட்டுக் கிராமம்.) அதே பகுதியில் 'வெள்ளாங்குருகுப் பத்து' இருக்கிறது. பத்துப் பாட்டுக்கும் ஒரே தொடக்கம்: வெள்ளாங்குருகின் குஞ்சைப் பார்க்கப் போன ஒரு நாரை. பிறகு தலைவனைப் பற்றிய பேச்சு.

இதைப் புன்னைக்காயலிலோ தருவைகுளத்திலோ நடத்தினால், நாரை எங்கே நிற்கும், எப்படி நடக்கும், எதற்காக அசையாமல் காத்திருக்கும் என்று முதலில் பிள்ளைகளிடமே கேட்கலாம். கழியையும் உப்பளத்தையும் நாள்தோறும் பார்ப்பவர்கள் நம்மைவிட அதிகம் சொல்வார்கள். அதன்பின் ஒரே ஒரு கேள்வி: தலைவியின் வருத்தத்தைச் சொல்ல வந்த பாட்டில் இந்த நாரைக்கு என்ன வேலை? அங்கிருந்து தலைவனுக்கு அவர்களே வந்துவிடுவார்கள். அப்படிக் கண்டுபிடிக்கும்போது வகுப்பில் எழும் ஆரவாரமும் சுவைதான். விடுகதை அவிழும்போது கிடைக்கும் மகிழ்ச்சிக்கு அது குறைந்ததல்ல.

எல்லாப் பாட்டிலும் இதைத் தேடவும் வேண்டாம். 1961 வரை முத்துக்குளிப்பு நடந்த கடல் இது. எல்லாச் சிப்பியிலும் முத்து இருக்காது என்று இங்கே யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை.

சிக்கல் வருவது மதிப்பெண்ணில். உரைநூலில் இல்லாத ஒரு பொருளை மாணவி எழுதினால் என்ன செய்வது? பாரதியாரின் சொல்லையே அளவுகோலாகக் கொள்ளலாம்: பாட்டில் அதற்கு 'இடம்' இருக்கிறதா? எந்தச் சொல்லைக் கொண்டு அப்படிச் சொல்கிறாய் என்று அவளிடம் கேட்கலாம். சொல்லைக் காட்டினால் மதிப்பெண் அவளுக்கு உரியது. வெறும் ஊகமானால் அதையும் அவளே உணர்ந்துகொள்வாள். வெள்ளாங்குருகுப் பத்தில் குஞ்சைப் பற்றி வரும் 'செத்தென' என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். இறந்துவிட்டதாக என்றும் கொள்ளலாம், போலும் எனக் கருதி என்றும் கொள்ளலாம். முதல் பொருளில் நாரை துக்கம் கேட்கப் போகிறது. இரண்டாவதில் ஏமாந்து போகிறது. இரண்டையும் வகுப்பில் வைத்து, எது தலைவனுக்குப் பொருந்துகிறது என்று பிள்ளைகளை வாதிட விடலாம். அன்றைக்குப் பாடவேளை மணி அடிப்பதை யாரும் எதிர்பார்த்திருக்க மாட்டார்கள்.