ஆர்ம்ஸ் வருவதற்கு முன்னால் வருவது

"மாஸ்டர், ரெண்டு மாசம் ஆச்சு. ஆர்ம்ஸே வரலையே?"

எந்த ஊர் ஜிம்முக்குப் போனாலும் காதில் விழும் கேள்வி இது. கேட்கிற பையன், முதல் நாள் 5 கிலோ டம்பெல்லை எட்டுத் தடவை தூக்கவே திணறியவன். இன்று 10 கிலோவைப் பன்னிரண்டு தடவை தூக்குகிறான். ஆனால் டேப்பைச் சுற்றி அளந்தால், கை சேர்ந்த அன்று இருந்த அளவில்தான் இருக்கிறது. கண்ணாடி முன் நின்று நின்று சலித்துப்போய், மூன்றாம் மாதப் பணம் கட்டாமலே நின்றுவிடுகிறான். மாஸ்டரும் "வரும்பா, விடாம பண்ணு" என்பதோடு சரி.

அவன் கேட்டிருக்க வேண்டிய கேள்வி வேறு. சதைதான் கூடவில்லையே, அப்படியானால் அந்தக் கூடுதல் 5 கிலோவைத் தூக்கியது யார்?

நரம்பு.

தசை தானாக இயங்காது. தசைக்கு வரும் ஒவ்வொரு இயக்க நரம்பும் பல கிளைகளாகப் பிரிந்து, ஒரு கொத்துத் தசைநார்களைப் பிடித்து வைத்திருக்கிறது. கண்ணை அசைக்கும் தசையில் ஒரு நரம்புக்குச் சில நார்கள்தான். தொடையில் ஒரே நரம்பின் கீழ் ஆயிரம் நார்கள் வரை இருக்கும். லேசான பொருளைத் தூக்கும்போது சிறிய கொத்துகள் மட்டும் வேலைக்கு வரும். எடை ஏற ஏறப் பெரிய கொத்துகள் சேர்ந்துகொள்ளும். இந்த வரிசையை 1960களில் ஹார்வர்டைச் சேர்ந்த எல்வுட் ஹென்னிமன் கண்டறிந்தார்.

புதிதாக வெயிட் தூக்குகிறவருக்குப் பெரிய கொத்துகளை ஒருசேரக் கூப்பிடத் தெரியாது. போதாக்குறைக்கு, கையை மடக்கும்போது நீட்டுகிற தசையும் பயந்துபோய் இறுகிக்கொண்டு எதிர்ப்பக்கம் இழுக்கும். தேர் வடத்தில் ஆயிரம் பேர் கை வைத்திருந்தும், குரல் கொடுக்க ஆளில்லாமல் தேர் நகராத நிலை. முதல் சில வாரப் பயிற்சியில் உடம்பு கற்றுக்கொள்வது பெரும்பாலும் இந்தக் குரலைத்தான். 1979-இல் மோரிடானி, டிவ்ரீஸ் என்ற இரு ஆய்வாளர்கள் இதை அளந்தே காட்டினார்கள்: தொடக்கத்தில் கூடும் பலத்தில் பெரும்பங்கு நரம்பினுடையது, தசை பருப்பது பிறகுதான் கைகொடுக்கிறது.

இதைவிட வேடிக்கையான சான்று அதற்கும் முந்தியது. 1894-இல் யேல் பல்கலைக்கழகத்தில் எட்வர்ட் ஸ்கிரிப்சர் ஒரு கைக்கு மட்டும் பயிற்சி கொடுத்துப் பார்த்தார். சும்மா இருந்த மறு கைக்கும் பலம் கூடியிருந்தது! சதை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்குத் தாவாது. கற்றுக்கொண்ட நரம்பு மண்டலம் இரண்டு கைக்கும் பொதுவானது. ஒரு கையில் மாவுக்கட்டுப் போட்டவரை மறு கையால் எடை தூக்கச் சொல்வது இதனால்தான்.

சரி, சதை எப்போது வரும்? தசைநார்களின் எண்ணிக்கை பெரிதாகக் கூடுவதில்லை. இருக்கிற நார்தான் தடிக்கிறது. பளு இழுக்கும் இழுவிசையை நார் உணர்ந்ததும், அதற்குள் புரதக் கட்டுமானம் முடுக்கிவிடப்படுகிறது. அந்த முடுக்கம் ஒன்றிரண்டு நாளில் அடங்கிவிடும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வந்து நான்கு மணி நேரம் போராடுகிறவரைவிட, வாரத்தில் இரண்டு மூன்று நாள் முக்கால் மணி நேரம் செய்கிறவர் முந்துவதற்கு இது ஒரு காரணம். நாரின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு உறங்கும் துணைச் செல்களும் உண்டு. 1961-இல் அலெக்சாண்டர் மௌரோ தவளையின் கால் தசையில் இவற்றைக் கண்டார். நார் தடிக்கும்போது இவை அதனுடன் கலந்து தங்கள் உட்கருவைக் கொடுக்கின்றன. பருத்த தசை மறுபடி மெலிந்த பிறகும் அந்த உட்கருக்கள் தங்கிவிடுவதை 2010-இல் நார்வே ஆய்வாளர்கள் எலிகளில் பார்த்தார்கள். மனிதரிடம் இது எந்த அளவுக்கு உண்மை என்ற விவாதம் முடியவில்லை. ஆனால் விட்டுப்போன பழைய ஆள் திரும்பி வந்தால் புதியவனைவிட வேகமாகத் தேறுவதை எந்த மாஸ்டரும் சொல்வார்.

நம் தென் மாவட்ட ஊர்களில் இளவட்டக்கல் கிடக்கும். உருண்டு திரண்டு, பிடி எதுவும் இல்லாமல், கைக்கு வழுக்கும் கல். அதைத் தோளுக்கு ஏற்றிப் பின்னால் போடுகிறவனுக்குப் பெண் கொடுப்பார்கள் என்பது பேச்சு. நெல்லை மாவட்டம் வடலிவிளையில் பொங்கலுக்கு இன்றும் போட்டி நடக்கிறது. அந்தக் கல் பரீட்சைதான், பாடம் அல்ல. ஒரே எடையை ஆண்டு முழுக்கத் தூக்கினால் உடம்பு அந்த எடைக்குத் தேவையானதைக் கற்றுக்கொண்டு அதோடு நின்றுவிடும். எடையும் ஆளோடு சேர்ந்து வளர வேண்டும்.

இதை மருத்துவமாக்கியவர் தாமஸ் டிலோர்ம் என்ற அமெரிக்க ராணுவ டாக்டர். இளம் வயதில் ருமாட்டிக் காய்ச்சலில் படுத்த படுக்கையாகக் கிடந்து, எடை தூக்கியே உடம்பைத் தேற்றிக்கொண்டவர். இரண்டாம் உலகப் போரில் முழங்கால் சிதைந்த சிப்பாய்கள் சிகாகோ ராணுவ மருத்துவமனையில் குவிந்தார்கள். அந்தக் கால வழக்கம் லேசான எடை, நிறையத் தடவை. டிலோர்ம் அதைத் தூக்கிப் போட்டுவிட்டு, காலில் இரும்புச் செருப்பை மாட்டி, கனமான எடையைக் கொடுத்தார். ஒருவரால் பத்தே பத்துத் தடவை தூக்க முடிகிற எடை எது என்று கண்டுபிடி. தேறத் தேற அதை ஏற்று. 1945-இல் இதை எழுதினார். பின்னால் செட்டுகளைக் குறைத்து, பாதி எடையில் பத்து, முக்கால் எடையில் பத்து, முழு எடையில் பத்து என்று மூன்று செட்டாக்கினார். இன்று எந்த ஜிம்மிலும் "மூணு செட், பத்து ரெப்" என்று மாஸ்டர் சொல்வது அந்த மருத்துவமனை வார்டின் எதிரொலி.

கனமாகத்தான் தூக்க வேண்டுமா? சதைக்கு அவ்வளவு கட்டாயமில்லை. கனடாவின் மக்மாஸ்டர் பல்கலைக்கழக ஆய்வில் (2012), உச்ச எடையில் 30 சதவீதத்தையே இனி முடியாது என்கிற வரை தூக்கியவர்களுக்கும், 80 சதவீதத்தைத் தூக்கியவர்களுக்கும் தொடை ஏறக்குறைய ஒரே அளவில் பருத்தது. பலம் மட்டும் வேண்டும் என்றால் கனமே மேல். மறுநாள் மாடிப்படி இறங்க முடியாத வலியைப் பலர் பயிற்சியின் மதிப்பெண்ணாக எடுத்துக்கொள்கிறார்கள். பழக்கமில்லாத அசைவுக்கு, அதுவும் எடையை இறக்கும் அசைவுக்கு, வருகிற வலி அது. அது வராமலும் தசை வளரும்.

சாப்பாட்டு விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், பவுடர் டப்பா விற்பவர்கள் போதுமான அளவு பேசிவிட்டார்கள். நம் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் சாதாரண ஆளுக்கு உடல் எடையில் கிலோவுக்கு 0.83 கிராம் புரதம் என்கிறது. பளு தூக்குகிறவருக்கு 1.6 கிராம் வரை பலன் தெரிகிறது. 60 கிலோ ஆளுக்கு நாளொன்றுக்கு 96 கிராம். ஒரு முட்டையில் 6 கிராம், நூறு கிராம் காய்ந்த கொண்டைக்கடலையில் 20 கிராமை ஒட்டி. மூன்று வேளையும் சோறும் ரசமும் என்றால் இது எட்டாது. சுண்டல், முட்டை, மீன், பருப்பு, தயிர் என்று தட்டை மாற்றினால் டப்பா இல்லாமலும் எட்டலாம். சிறுநீரகக் கோளாறு உள்ளவர் மட்டும் டாக்டரிடம் கேட்காமல் புரதத்தைக் கூட்டக் கூடாது.

இதெல்லாம் இருபது வயதுப் பையனின் கவலை என்று ஐம்பதைத் தாண்டியவர்கள் பக்கத்தைப் புரட்டிவிடுவார்கள். உண்மையில் அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். சாப்பிட்ட பிறகு இன்சுலின் தள்ளிவிடும் சர்க்கரையில் பெரும்பகுதியை வாங்கிக்கொள்ளும் குதிர் தசைதான். குதிர் சிறுத்தால் சர்க்கரை ரத்தத்திலேயே நிற்கும். இந்தியாவில் 10 கோடிப் பேருக்கு மேல் நீரிழிவு இருக்கிறது. நம்மவர்கள் பிறக்கும்போதே, பிரிட்டிஷ் குழந்தைகளோடு ஒப்பிட்டால், தசை குறைந்தும் கொழுப்பு கூடியும் இருக்கிறார்கள் என்று புனேயின் டாக்டர் சித்தரஞ்சன் யாஜ்னிக் காட்டியிருக்கிறார். வாக்கிங் நல்லதுதான், ஆனால் அது தசையைப் பெரிதாக வளர்ப்பதில்லை. வாரத்தில் குறைந்தது இரண்டு நாள் தசைக்கான பயிற்சி வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் தனியாகவே சொல்கிறது. ரத்தக் கொதிப்போ இதய நோயோ உள்ளவர் டாக்டரைப் பார்த்துவிட்டுத் தொடங்கட்டும்; தூக்கும்போது மூச்சை அடக்க வேண்டாம்.

வயதாகிவிட்டதே என்பவர்களுக்குப் பாஸ்டன் முதியோர் இல்லத்துக் கதை இருக்கிறது. 1990-இல் டாக்டர் மரியா ஃபியாடரோனும் அவர் குழுவினரும் அங்கிருந்த பத்துப் பேருக்குக் கால்களால் எடை தூக்கக் கற்றுக்கொடுத்தார்கள். சராசரி வயது 90. வாரம் மூன்று நாள், எட்டு வாரம். ஒன்பது பேர் முடித்தார்கள். தொடையின் பலம் சராசரியாக 174 சதவீதம் கூடியது. தொடைத் தசையின் பரப்போ 9 சதவீதம்தான். ஆர்ம்ஸ் வரவில்லை என்று நின்றுவிட்ட நம் பையனின் கணக்கேதான் இது. இரண்டு பேர் கைத்தடியை விட்டார்கள். பயிற்சியை நிறுத்தி நான்கு வாரம் ஆனதும் பலத்தில் 32 சதவீதம் போய்விட்டது.

இன்று சாயங்காலம் உங்கள் வீட்டுப் பெரியவரைக் கைகளை மார்பில் கட்டிக்கொண்டு நாற்காலியிலிருந்து எழுந்து உட்காரச் சொல்லுங்கள். பக்கத்தில் ஒருவர் நில்லுங்கள். எத்தனை தடவை முடிந்தது என்று காலண்டரில் அந்தத் தேதியிலேயே குறித்துவிட்டு, இரண்டு நாள் கழித்து மறுபடி எழுந்து பார்க்கச் சொல்லுங்கள்.