நெல்லூர் மாடும் நிறம் மாறும் கறியும்

ஆந்திரத்தின் நாயுடுபேட்டை 2022 ஏப்ரல் வரை நெல்லூர் மாவட்டத்தில் இருந்தது. மாவட்டங்களைப் புதிதாகப் பிரித்தபோது திருப்பதியோடு சேர்ந்துவிட்டது. ஒங்கோலும் ஒரு காலத்தில் நெல்லூர் ஜில்லாதான். 1904இல் குண்டூருக்குப் போய், பிறகு பிரகாசம் மாவட்டத்தின் தலைநகரானது. எல்லைகள் இப்படி நகர்ந்தாலும், அந்தப் பழைய ஜில்லாவின் பெயரை ஒரு மாடு கடல் தாண்டிக் கொண்டுபோய் இன்றுவரை வைத்திருக்கிறது. பிரேசிலில் அதற்கு ‘நெலோரி’ என்று பெயர். நம் ஒங்கோல் மாடுதான். இன்று அந்த நாட்டின் இறைச்சி மாடுகளில் பெரும்பகுதி இந்த இனமும் இதன் கலப்பும்.

1868இல் இங்கிலாந்துக்குப் போன ஒரு கப்பல் பிரேசிலின் சால்வடார் துறைமுகத்தில் நின்றபோது, அதிலிருந்த ஒரு ஜோடி அங்கேயே விலைபோனதாகச் சொல்வார்கள். பத்தாண்டு கழித்து ஹாம்பர்க் விலங்குக் காட்சிசாலையிலிருந்து இன்னொரு ஜோடி போனது. 1960களின் தொடக்கத்தில் ஆந்திரத்திலிருந்து பொலிகாளைகள் சென்றன. அவற்றில் ஒன்றின் பெயர் கரவடி, ஒங்கோலுக்குப் பக்கத்து ஊரின் பெயர். இந்த வழியில் வந்த வியாட்டினா–19 என்ற பசுவின் மதிப்பு 2023 ஏலத்தில் 40 லட்சம் டாலரைத் தாண்டியது. எடை 1,101 கிலோ.

பிரேசிலுக்கு இந்த மாடு ஏன் வேண்டியிருந்தது? மே மாதப் பிற்பகலில் நாயுடுபேட்டைப் பக்கம் வந்து பார்த்தால் விளங்கும். தார்ச்சாலை கொதிக்கும்போது வெள்ளைக் காளை அசைபோட்டபடி நிற்கும். வெயிலைத் திருப்பியனுப்பும் வெண்ணிறக் குட்டை முடி, வேர்வையை நன்றாகச் சுரக்கும் தோல், மடிப்பு மடிப்பாகத் தொங்கும் அலைதாடி எல்லாம் சூட்டை வெளியேற்ற உதவுகின்றன. ஆனால் தாங்கும் திறன் தோலோடு நிற்கவில்லை. ஆய்வகத்தில் 41 டிகிரி சூட்டில் வைத்துப் பார்த்தபோது, சில நாளே ஆன நெலோரிக் கருக்கள் ஐரோப்பிய ஹோல்ஸ்டீன் கருக்களைவிட நன்றாகத் தாக்குப்பிடித்தன. தோலும் வேர்வையும் உருவாகாத பருவம் அது. அப்படியென்றால் வெயிலைத் தாங்கும் ஏதோ ஒன்று செல்லுக்குள்ளேயே இருக்கிறது. இந்த ஒரு செய்தியை எத்தனை முறை படித்தாலும் எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

செல்லுக்குள் என்ன நடக்கிறது? உயிர் வாழ ஆக்சிஜன் வேண்டும். மைட்டோகாண்ட்ரியா அதைக் கொண்டு உணவிலிருந்து ஆற்றலை எடுக்கிறது. முடிவில் ஆக்சிஜன் நீராகிவிடும். ஆனால் வழியில் சில எலக்ட்ரான்கள் கசிந்து, ஆக்சிஜனைக் கட்டுக்கடங்காத ஒன்றாக மாற்றிவிடுகின்றன. அது கைக்கெட்டிய கொழுப்பையும் புரதத்தையும் டிஎன்ஏவையும் கடிக்கும். இரும்பு துருப்பிடிப்பதற்கும் இதற்கும் அடிப்படை வேதியியல் ஒன்றுதான். உடல் சும்மா இருப்பதில்லை. ஒரு நொதி அந்த முரட்டு ஆக்சிஜனை ஹைட்ரஜன் பெராக்சைடாக மாற்றும். அடுத்த நொதி அதை நீராக்கும். அந்த இரண்டாம் வேலையைச் செய்யும் நொதிகளில் ஒன்றுக்குச் செலினியம் தேவை; மண்ணிலிருந்து புல்லுக்கும் புல்லிலிருந்து மாட்டுக்கும் வரும் துளியூண்டு தாது. செல்லின் சவ்வில் உள்ள கொழுப்புக்குக் காவல் வைட்டமின் இ.

கசிவு அதிகமாகி, காவல் ஈடுகொடுக்க முடியாமல் போகும் நிலையைத்தான் ஆக்சிஜனேற்ற அழுத்தம் என்கிறோம். ஜெர்மன் உயிர்வேதியியலாளர் ஹெல்முட் சீஸ் 1985இல் இதற்கு இலக்கணம் வகுத்தார். கடும் வெயில், நோய், லாரியில் நெடும்பயணம், பசி, தாகம், பயம் எல்லாமே கசிவைக் கூட்டும்.

உயிர் போனதும் கதை முடிந்துவிடும் என்றுதான் நினைப்போம். முடிவதில்லை. இரத்த ஓட்டம் நின்ற தசை, இருப்பிலுள்ள கிளைக்கோஜனை எரித்து லாக்டிக் அமிலமாக்கிக்கொண்டே இருக்கும். கறியின் பிஎச் அளவு 7இலிருந்து 5.5 அளவுக்கு இறங்கும். அந்த இறக்கம்தான் நல்ல கறிக்கு அடையாளம். மிரண்டும் களைத்தும் வந்த விலங்கிடம் கிளைக்கோஜன் தீர்ந்திருக்கும், அமிலம் ஊறாது, பிஎச் 6க்குக் கீழே இறங்காது. அந்தக் கறி கருத்து, பிசுபிசுத்து, சீக்கிரம் கெடும்.

நிறத்தின் கதை இன்னும் அழகு. தசையில் ஆக்சிஜனைச் சேமிக்கும் மயோகுளோபின் என்ற புரதத்தின் நடுவில் ஓர் இரும்பு அணு இருக்கிறது. வெட்டிய கணத்தில் கறியின் உட்புறம் ஊதாவாக இருக்கும். காற்றுப்பட்ட அரைமணி நேரத்தில் ஆக்சிஜன் அந்த இரும்போடு ஒட்டிக்கொள்ள, செக்கச்செவேல் என்று மாறும். நாள் கடந்தால் அதே ஆக்சிஜன் இரும்பிலிருந்து ஓர் எலக்ட்ரானைப் பறித்துவிடும்; கறி பழுப்பாகும். சிவக்க வைத்ததும் ஆக்சிஜன், பழுப்பாக்குவதும் ஆக்சிஜன். இதற்கிடையே செத்த தசையில் மிச்சமிருக்கும் நொதிகள் பழுப்பைத் திரும்பச் சிவப்பாக்கச் சில நாள் பாடுபடுகின்றன. இருப்பு தீரும்வரைதான்.

1989இல் அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மாடுகளுக்குத் தீவனத்தோடு வைட்டமின் இ கொடுத்துப் பார்த்தார்கள். அந்தக் கறி பழுப்பாக நாளானது. கொழுப்பும் காறல் அடிக்கத் தாமதித்தது. உயிரோடிருக்கும்போது தின்றது செல்சவ்வுக்குள்ளேயே போய்க் குடியேறுவதால் இந்தப் பலன். பச்சைப் புல்லில் வைட்டமின் இ இயல்பாகவே நிறைய. வைக்கோலில் காய்ந்தே போயிருக்கும். மேய்ச்சலில் வளர்ந்த மாட்டின் கொழுப்பு மஞ்சளாயிருப்பதும் புல்லின் கரோட்டினால்தான்.

மென்மைக்கும் இதில் பங்குண்டு. கால்பெய்ன் என்ற நொதி தசைநாரை மெல்ல நறுக்கிக் கறியை மிருதுவாக்கும். அதன் வேலைமுனையில் கந்தகம் இருக்கிறது. ஆக்சிஜனேற்றம் அதைத் தொட்டால் கத்தி மழுங்கிவிடும். திமில் மாடுகளுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. கால்பெய்னை அடக்கும் புரதம் அவற்றின் தசையில் கூடுதல். அதனால் நெலோரிக் கறி ஐரோப்பிய இனக் கறியைவிடக் கொஞ்சம் கடினம். பிரேசில் ஆய்வாளர்கள் ஒவ்வொரு துண்டையும் கருவியில் வைத்து, அறுக்க எவ்வளவு விசை தேவை என்று அளந்து, மென்மையான வம்சங்களைத் தேடுகிறார்கள். நாயுடுபேட்டையைத் தொட்டு ஓடும் சுவர்ணமுகிதான் காளஹஸ்தியின் பொன்முகலி. அந்தக் கரையில் கண்ணப்பர் பன்றிக்கறியைச் சுட்டு, வாயிலிட்டுப் பார்த்து, மிருதுவானதை மட்டும் பொறுக்கி ஈசனுக்கு வைத்தார். இந்தக் கருவியைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அவர் நினைவுதான்.

ஆந்திரத்தில் 1977ஆம் ஆண்டுச் சட்டம் பசுவதையைத் தடுக்கிறது. இங்கே ஒங்கோல் காளை வளர்வது ஏருக்கும் வண்டிக்கும் பந்தயக் கல் இழுக்கவும். டிராக்டர் வந்தபின் அந்த வேலைகள் குறைந்து, மாடும் குறைந்துவருகிறது. குண்டூர் லாம் பண்ணையிலும் பிரகாசம் மாவட்டச் சதலவாடா பண்ணையிலும் அரசு அதைப் பேணுகிறது. கறியென்றால் இங்கே நெல்லூர் செம்மறியாடு. இந்தியச் செம்மறிகளிலேயே உயரமான இனம். ஆக்சிஜனுக்கு மாடென்றும் ஆடென்றும் வேறுபாடில்லை.

நம் சமையலறைகள் இதை எப்போதோ கண்டுகொண்டன. உப்புக்கண்டம் போடுகிறவர்கள் முதலில் கொழுப்பை வழித்தெடுத்துவிடுவார்கள். உப்பு கொழுப்பின் ஆக்சிஜனேற்றத்தை விரைவுபடுத்தும், கொழுப்பு இருந்தால் காறல் வந்துவிடும். பிறகு மஞ்சள் பூசுவார்கள். மஞ்சளின் குர்குமின், எலக்ட்ரானுக்கு அலையும் முரட்டு ஆக்சிஜனின் பசியை அடக்கும். கறிவேப்பிலைக்கும் முருங்கையிலைக்கும் அந்தக் குணம் உண்டு என்று இறைச்சி ஆய்வகங்கள் சோதித்துக் காட்டியிருக்கின்றன. வெறும் உப்பில் வெந்த கறியை மறுநாள் சூடாக்கினால் வரும் பழைய வாடை, மசாலாக் குழம்பில் அவ்வளவாக வராததற்கும் இது ஒரு காரணம்.

சென்னைக்குப் போகும் நெடுஞ்சாலையில் ஆட்டு லாரிகள் விடியற்காலையில் கடக்கும். நெருக்கியடித்து நிற்கும் ஆடுகளின் மூச்சு இரைப்பு ஒலி பின்னால் வரும் வண்டிக்கும் கேட்கும். கால்நடை மருத்துவர்கள் திரும்பத் திரும்பச் சொல்வது: இறக்கியதும் வெட்டாதீர்கள், நிழலில் நிறுத்துங்கள், தண்ணீர் காட்டுங்கள், படபடப்பு அடங்கட்டும். அந்தச் சில மணி நேரத்தில் விலங்குக்கு மிரட்சி குறைகிறது, தசையிலிருக்கும் கிளைக்கோஜன் வீணாகத் தீர்வது நிற்கிறது, கசிவும் தணிகிறது.