எங்கட வெயிலுக்கு எந்த ஒயில்?

"அண்ணை, மூடியில 0டபிள்யூ-20 எண்டு கிடக்கு. அது தண்ணி மாதிரியெல்லோ? எங்கட வெயிலுக்குத் தாங்காது. 20டபிள்யூ-50 விடுவம்."

விசுவமடுவில், பரந்தன்–முல்லைத்தீவு வீதியோரக் கராஜ் ஒன்றில் பொனற் திறந்து நின்ற ரொயோட்டா அக்வாவுக்கு முன்னால் கேட்ட பேச்சு இது. பெடியனைக் குறை சொல்ல முடியாது. உழவு இயந்திரத்தோடு வளர்ந்த ஊரில் தடித்த ஒயில்தான் நல்ல ஒயில்.

பள்ளிக்கூடத்தில் பிசுக்குமை என்று படித்தோமே, அதுதான் சங்கதி: திரவம் ஓட மறுக்கும் அளவு. சூடேற அது குறையும். சாதாரண 5டபிள்யூ-30 ஒயிலுக்கு 40 பாகை செல்சியசில் இருக்கும் பிசுக்குமையில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்குதான் 100 பாகையில் இருக்கும்.

கானில் உள்ள எண்கள் அமெரிக்காவின் எஸ்.ஏ.ஈ. சங்கம் 1911இல் தொடங்கிய வகைப்படுத்தலின் வழிவந்தவை. டபிள்யூ என்பது 'விண்டர்', குளிர்காலம். 0டபிள்யூ ஒயிலைச் சோதிப்பது உறைநிலைக்குக் கீழே 35 பாகையில். 20டபிள்யூவை உறைநிலைக்குக் கீழே 15 பாகையில். மார்கழி விடியலிலும் போர்வையோடு சமாளிக்கும் எங்களுக்கு அந்தக் குளிர் எதற்கு என்று தோன்றும். ஆனால் எஞ்சினுக்கு எங்கள் 25 பாகையும் குளிர்தான். காலையில் திறப்பைத் திருப்பியதும் மெல்லிய ஒயிலே மேல்தலைக்கு முந்திப் போய்ச் சேரும்.

இரண்டாவது எண் 100 பாகைக்குரியது. அங்கே 20 என்றால் பிசுக்குமை 6.9 முதல் 9.3 அலகு, 50 என்றால் 16.3 முதல் 21.9. பெரும்பாலும் இரு மடங்குக்கு மேல்! வெயில்? வெளியே 35 பாகை கொளுத்தினாலும் தண்ணீரின் சூட்டைத் தேர்மோஸ்ராற் 90 பாகை அளவில் பிடித்து வைத்திருக்கும். ஜப்பானிலும் அப்படித்தான், விசுவமடுவிலும் அப்படித்தான். அக்வாவில் வால்வு நேரத்தை மாற்றுவதே ஒயிலின் அமுக்கம். ஹைபிரிட் எஞ்சின் அடிக்கடி நின்று நின்று ஓடுவதால் ஒயில் சூடேறவும் நேரமெடுக்கும். அதற்குள் கூழை ஊற்றினால் பெற்றோல்தான் வீண்.

லாண்ட்மாஸ்ரர் மாதிரியான உழவு இயந்திரத்தின் கதை வேறு. மணிக்கணக்காகச் சேற்றில் முக்கி இழுக்கிற டீசல் எஞ்சினுக்கு, புகைக்கரியையும் தாங்குகிற 15டபிள்யூ-40 பொருத்தம்.

மெலிந்த ஒயிலுக்குப் பயப்படக் காரணமும் இந்த மண்ணில் உண்டு. 1990களின் பொருளாதாரத் தடைக்காலத்தில், ஒஸ்ரின்களும் மொறிஸ் மைனர்களும் சொட்டுப் பெற்றோலில் ஸ்ராட் ஆகி மண்ணெண்ணெயில் ஓடின. எரியாத மண்ணெண்ணெய் பிஸ்ரன் வளையங்களைத் தாண்டிக் கீழே இறங்கி ஒயிலோடு கலக்கும். ஒயில் குறைவதற்குப் பதிலாக டிப்ஸ்ரிக்கில் ஏறும்! ஒரு சொட்டை விரலிடுக்கில் தேய்த்தால் வழுக்கல் இருக்காது, மணம் மட்டும் இருக்கும். தண்டுக்கும் பெயாறிங்குக்கும் நடுவே மயிரிழையிலும் மெல்லியதாக நிற்கவேண்டிய படலம் கிழிந்து, உலோகம் உலோகத்தைத் தின்னும். அதைக் கண்டுபிடிக்க உதவுவது அந்த விரலும் மணமும். கறுத்த நிறத்தை மட்டும் வைத்து ஒயில் கெட்டதென்று முடிவு கட்டுவது அவசரப்படுவது.

கராஜ்காரர் டிப்ஸ்ரிக்கைத் துடைத்து மறுபடி விட்டெடுத்தார், மணந்தார். "மூடியில உள்ளதையே விடுறன்."

"சரி அண்ணை, விடுங்கோ. மிச்சத்த வீட்டில லாண்ட்மாஸ்ரருக்கு விடலாமோ?"

"ஐயோ, விட்டுடாதை!"